சயின்ஸ் சொன்னாத்தான் சாமியா?

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. கோவப்படக் கூடாது."

இப்படித்தான் ஆரம்பித்தான் என் சின்னம்மா மகன். இடம், மருத்துவமனையின் கார் நிறுத்துமிடம். உள்ளே சின்னம்மாவுக்கு மூன்றாவது கீமோ ஏறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கிய தே தாரிக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்றோம்.

"கடவுள் இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்க சயின்ஸைத் தவிர வேற நம்பகமான வழி ஏதாச்சும் இருக்கா? இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன். 'எல்லாம் நம்பிக்கை'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

தம்பி பொறியியல் இரண்டாம் ஆண்டு. பள்ளியில் படித்தபோது திருமுறை ஓதும் போட்டியில் மாநில நிலை வரைக்கும் போனவன். இப்போது கோயில் வாசல் வரை அம்மாவைக் கூட்டிப் போவான். உள்ளே வரமாட்டான், காரிலேயே உட்கார்ந்திருப்பான்.

காரணம் உண்டு. சின்னம்மாவுக்கு மார்பில் கட்டி ஒன்று தென்பட்டபோது அவர் முதலில் போனது மருத்துவரிடம் அல்ல, கயிறு கட்டி விபூதி கொடுக்கும் ஒருவரிடம். 'இது செய்வினை, கத்தி படக் கூடாது, மூணு மண்டலம் கழிச்சு தானா கரையும்' என்று அவர் சொன்னார். சின்னம்மாவும் நம்பினார். யாரிடமும் சொல்லாமல் நான்கரை மாதம் மஞ்சளும் விபூதியும் பூசிக்கொண்டிருந்தார். கட்டி கரையவில்லை. மருத்துவமனைக்குப் போனபோது மூன்றாம் கட்டம். "எப்போது முதலில் பார்த்தீர்கள்?" என்று டாக்டர் கேட்டார். சின்னம்மா சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத் தம்பி இன்னும் சுமந்துகொண்டிருக்கிறான்.

அதனால் அவன் கேட்டதை நான் பட்டிமன்றக் கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ஒரு குற்றச்சாட்டு. நம் முகாம்களிலும் சமய வகுப்புகளிலும் இதே கேள்வி வேறு வேறு முகத்தோடு வருகிறது. அதற்கு நாம் வழக்கமாகச் சொல்கிற பதில்கள் இருக்கின்றனவே, அவற்றில் பலவற்றை அன்றைக்கு அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்திகளைப் பாருங்கள். 'சுவிட்சர்லாந்தில் உலகத்தின் மிகப் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் நடராஜர் சிலை! விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டார்கள்!' ஜெனீவாவில் உள்ள செர்ன் வளாகத்தில் நடராஜர் இருப்பது உண்மைதான். இரண்டு மீட்டர் உயரம். 2004 ஜூன் 18-ஆம் தேதி திறந்தார்கள். ஆனால் அது இந்திய அரசாங்கம் கொடுத்த அன்பளிப்பு. துகள்களின் அசைவையும் ஆடவல்லானின் ஆட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிற அழகான உவமை அது. உவமை நிரூபணம் ஆகாது. செர்னில் எந்தக் கருவியும் சிவபெருமானை அளந்து அறிக்கை விடவில்லை.

அடுத்தது 'கடவுள் துகள்'. 2012 ஜூலை 4-ஆம் தேதி ஹிக்ஸ் போசானைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது நம்மில் எத்தனை பேர் குதூகலித்தோம்! அந்தப் பெயர் இயற்பியலாளர் லியோன் லெடர்மன் 1993-இல் வெளியிட்ட ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது. பிடிபடாமல் ஆட்டம் காட்டிய அந்தத் துகளுக்கு ஒரு திட்டுச் சொல்லைத்தான் வைக்க நினைத்தேன், பதிப்பாளர் விடவில்லை என்று அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். ஹிக்ஸ் போசான், அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதைப் பற்றியது. கடவுளுக்கும் அதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

இதில் எனக்கு வேடிக்கையாகப் படுவது என்னவென்றால், 'அறிவியலால் ஆண்டவனை அளக்க முடியாது' என்று மேடையில் முழங்குகிறவரே மறுநாள் காலையில் 'அறிவியலே சொல்லிவிட்டது' என்று செய்தி அனுப்புகிறார். அளக்க முடியாது என்றால் அளந்து கொடுத்த சான்றிதழ் எதற்கு? நமக்குள்ளேயே ஒரு பயம் இருக்கிறது. சயின்ஸ் கையெழுத்துப் போட்டால்தான் சாமி செல்லும் என்று நாமே நினைக்கிறோம். தம்பி அதை வெளியில் சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொன்று, எல்லாப் பேச்சாளர்களும் கையாளும் அந்த அம்மா உதாரணம். 'உன் அம்மா உன்னை நேசிக்கிறாள் என்று சோதனைக்குழாயில் நிரூபிக்க முடியுமா? முடியாது. ஆனாலும் நம்புகிறாய் அல்லவா?' கைதட்டல் வாங்கும் வரிதான். யோசித்தால் ஓட்டை தெரியும். அம்மாவின் பாசத்துக்குக் கண்ணால் கண்ட ஆயிரம் சான்று உண்டு. அதைவிட முக்கியம், அம்மா இருக்கிறாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. நம் கேள்வியோ இருக்கிறாரா என்பதுதான். கீமோ அறைக்கு வெளியே நிற்கிற பையனிடம் இந்த உதாரணத்தைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, அவன் சொல்வதில் நியாயமான பகுதி எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். நிறையவே இருக்கிறது.

1995 செப்டம்பர் 21-ஆம் தேதி பிள்ளையார் பால் குடித்த கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். டில்லியில் கிளம்பிய செய்தி ஒரே நாளில் பல நாடுகளில் உள்ள இந்துக் கோயில்களுக்குப் பரவியது. கரண்டியைத் தும்பிக்கை அருகில் கொண்டுபோனால் பால் மறைந்தது. இந்திய அரசின் அறிவியலாளர்கள் பாலில் நிறம் கலந்து காட்டினார்கள். பால் உள்ளே போகவில்லை, சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிந்து கீழே இறங்கியிருந்தது. பரப்பு இழுவிசை, நுண்புழை விசை. படிவம் நான்கு பாடம். 'பால் எங்கே போனது?' என்பது பாலைப் பற்றிய கேள்வி. பாலைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி அறிவியலுக்கு இருக்கிறது. அது சொன்ன பிறகும் அடம்பிடித்தால் அதற்குப் பெயர் பக்தி இல்லை.

இன்னும் கனமான ஒன்று. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளியானது. நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவினரிடம் 'உங்களுக்காக யாராவது பிரார்த்திக்கலாம், பிரார்த்திக்காமலும் போகலாம்' என்றார்கள். உண்மையில் ஒரு பிரிவுக்கு மட்டும் பிரார்த்தனை நடந்தது. மூன்றாம் பிரிவினரிடம் 'உங்களுக்காக நிச்சயம் பிரார்த்தனை நடக்கிறது' என்றே சொன்னார்கள். பிரார்த்தித்தவர்கள் கிறிஸ்தவக் குழுவினர். முடிவு? பிரார்த்தனை நடந்த பிரிவில் 52 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது, நடக்காத பிரிவில் 51 விழுக்காடு. 'நிச்சயம் நடக்கிறது' என்று தெரிந்திருந்தவர்களுக்கோ 59 விழுக்காடு! நமக்காகத் தனியாகப் பிரார்த்திக்கிற அளவுக்கு நம் நிலைமை மோசமோ என்ற பதற்றம் காரணமாக இருக்கலாம் என்று சிலர் ஊகித்தார்கள்.

இதை அடுத்த மதத்துக்காரர்களுக்கு விழுந்த அடி என்று நாம் சிரிக்க வேண்டாம். நம் அர்ச்சனையை வைத்து இதே ஆய்வைச் செய்தால் முடிவு வேறாக இருக்கும் என்று சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. அந்த ஆய்வு கடவுள் இல்லை என்று காட்டியதா? இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் முதல் பெயரையும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தையும் மட்டும் சொல்லிப் பிரார்த்தித்தால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் குறையும் என்கிற ஒரு குறிப்பிட்ட கூற்றைச் சோதித்தது. அந்தக் கூற்று தேறவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவு' சின்ன விஷயம் இல்லை. கயிறு கட்டியவர் சின்னம்மாவிடம் சொன்னது இதே வகையான கூற்று. கட்டியைப் பற்றிச் சொன்னார். கட்டி என்பது திசு. கரையுமா கரையாதா என்று சொல்ல ஸ்கேனும் பயாப்சியும் இருக்கின்றன. அங்கே அவருக்கு வேலையே இல்லை.

"அப்போ ஒத்துக்கிறீங்க," என்றான் தம்பி.

இதுவரைக்கும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவன் கேள்வியில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. 'தவிர'. அறிவியலைத் தவிர வேறு வழி இல்லை என்று அவன் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறான். அந்த முடிவு எங்கிருந்து வந்தது? அதை எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்? 'அறிவியல் மட்டுமே நம்பகமான வழி' என்பதை அறிவியல் முறையால் நிறுவ முடியாது. அது ஒரு தத்துவக் கருத்து. தத்துவக் கருத்தாக வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அது சயின்ஸ் இல்லை.

இது வெறும் வார்த்தை விளையாட்டாகத் தெரிந்தால் கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகா எண்களுக்கு முடிவே இல்லை என்பது நமக்கு எப்படித் தெரியும்? யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது. யூக்ளிட் உட்கார்ந்த இடத்திலேயே நிறுவிவிட்டார். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அது அசையவில்லை. அறிவியலில் எந்தக் கொள்கையும் அவ்வளவு உறுதியாக நின்றதில்லை. ஆக, பரிசோதனை இல்லாமலேயே உறுதியாகத் தெரிந்துகொள்ளும் வழி ஒன்றாவது உண்டு.

கணிதம் என்றதும் இராமானுஜன் ஞாபகம் வருகிறார். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்து 1914-இல் கேம்பிரிட்ஜ் போனவர். தம் சூத்திரங்களுக்கு நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளே காரணம் என்று சொல்லிவந்தார். அவரை அழைத்துக்கொண்ட ஹார்டி நாத்திகர். நம் பேச்சாளர்கள் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுவார்கள். முழுக்கதை இன்னும் நன்றாக இருக்கும். இராமானுஜன் எழுதி அனுப்பியவற்றில் பகா எண்களைப் பற்றிய சில முடிவுகள் தவறாகப் போயின. மற்ற பலவோ வியக்கத்தக்க வகையில் சரியாக இருந்தன. 1916-இல் அவர் வைத்த ஓர் ஊகத்தை நிறுவுவதற்கு 1974 வரை, பியர் டெலின் என்ற பெல்ஜியக் கணித மேதை வரும் வரை, உலகம் காத்திருந்தது. ஆக, ஓர் எண்ணம் தாயாரிடமிருந்து வந்ததா, மூளையிலிருந்து வந்ததா என்பது ஒரு கேள்வி. அது சரியா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு 'தாயார் சொன்னாள்' என்பது பதில் ஆகாது, இராமானுஜனுக்கே ஆகவில்லை. அதே சமயம், அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் ஆய்வுக்கூடம் இல்லை.

இன்னொரு உதாரணம், சின்னம்மா படுத்திருந்த அதே அறையில். தாதி வந்து கேட்பார்: "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள, வலி எவ்வளவு இருக்கு?" சின்னம்மா "ஆறு" என்பார். தாதி ஆறு என்று எழுதிக்கொள்வார். அவ்வளவு கருவிகள் உள்ள கட்டடத்தில் வலியை அறிய நோயாளியின் வாயைத்தான் கேட்கிறார்கள். வலி இருப்பது யாருக்குத் தெரியும்? வலிக்கிறவருக்கு. அவருக்கு அது ஊகமில்லை, கண்கூடு.

அப்புறம், தம்பியின் கோபம். கயிறு கட்டியவர் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும். சந்தேகமே இல்லாமல் தெரியும். நான்கரை மாதத் தாமதம் உடம்பை எப்படிக் கெடுத்தது என்று அறிவியல் சொல்லும். பயந்துபோன ஒரு பெண்ணை ஏமாற்றுவது தவறு என்பதை எந்த ஸ்கேன் சொன்னது? "அது அறிவு இல்லண்ணே, என் ஃபீலிங்," என்று அவன் சொல்லியிருந்தால் நான் மடங்கியிருப்பேன். அவன் அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இல்ல, அது தப்புதான். யாருக்கு எப்படித் தோணினாலும் தப்பு," என்றான்.

இந்த இடத்தில் உற்சாகப்பட்டு, 'பார்த்தாயா, அறிவியலைத் தவிர வேறு வழிகள் உண்டு. ஆகவே கடவுள் உண்டு' என்று தாவிவிடக் கூடாது. கணிதம் ஒரு வழி என்பதால் கடவுளுக்கும் வழி இருக்கிறது என்று ஆகிவிடாது. கதவு பூட்டியிருக்கிறது என்று அவன் சொன்னான். பூட்டவில்லை என்று காட்டினோம். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பது இனிமேல்தான்.

இங்கேதான் நம் சமயத்து நூல்களை நாம் படிக்காமல் விட்டது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று எனக்கு உறைத்தது. பாட்டாகப் படிக்கிறோம், போட்டிக்கு மனனம் செய்கிறோம். வாதமாகப் படிப்பதில்லை. தம்பியின் கேள்வி புதிதே இல்லை. கண்ணால் காண்பது மட்டுமே அறிவு, மற்றதெல்லாம் கட்டுக்கதை என்று சொன்னவர்களுக்கு உலகாயதர் என்று பெயர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பிற சமயக் கொள்கைகளை எடுத்து மறுக்கிறபோது முதலில் எடுப்பது அவர்களைத்தான். வாயை மூடு என்று அவர்களைச் சொல்லவில்லை. அவர்கள் கட்சியை முதலில் எடுத்துவைத்துவிட்டுத்தான் மறுக்கிறார். சுபக்கத்தில் தம் கொள்கையைச் சொல்வதற்கு முன், ஒன்றை அறியும் வழிகள் எவை என்று அளவைகளைப் பேசுகிறார். பத்து வரை எண்ணுகிறவர்கள் உண்டு, எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். கடவுளைப் பற்றிப் பேசும் முன் 'எப்படித் தெரியும்?' என்று கேட்டுவிட வேண்டும் என்பது நம் மரபு. தம்பி அறியாமலேயே அதைத்தான் செய்தான்.

இந்த மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

கருதல், அதாவது அனுமானம். குடம் இருந்தால் குயவன் இருக்க வேண்டும், உலகம் இருந்தால் அதைச் செய்தவன் இருக்க வேண்டும். மெய்கண்டாரின் சிவஞான போதம் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று அழிகிற உலகத்தை வைத்து ஒடுக்கத்துக்கும் தோற்றத்துக்கும் முதலான ஒருவனைக் கருதுகிறது. வலுவான பாதைதான். ஆனால் எல்லாரும் ஏற்றுக்கொண்டதில்லை. குயவர் குடம் செய்வதைப் பார்த்திருக்கிறோம், யாரும் உலகம் செய்வதைப் பார்த்ததில்லையே என்று பௌத்தர்கள் கேட்டார்கள். வேதத்தை ஏற்ற மீமாம்சகர்களே உலகத்தைப் படைத்த ஒருவர் வேண்டாம் என்றார்கள். எனக்கு வியப்பாக இருந்தது ஸ்ரீபெரும்புதூர் இராமாநுஜர். நாராயணனையே எல்லாமாகக் கொண்ட அவர், பிரம்மத்தை அனுமானத்தால் நிறுவ முடியாது, வேதம் ஒன்றே வழி என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதாடுகிறார். பக்தியில் குறைந்தவரா அவர்? தாங்காத வாதத்தின் மேல் தம் பெருமாளை உட்கார வைக்க அவருக்கு மனமில்லை.

உரை, அதாவது நம்பத் தகுந்தவர் வாக்கு. இதை இளைஞர்கள் சட்டென்று தள்ளிவிடுகிறார்கள், ஆனால் நாம் அறிந்ததில் பெரும்பாதி இப்படி வந்ததுதான். நான் எந்த நாளில் பிறந்தேன்? அம்மா சொன்னார், பிறப்புச் சான்றிதழ் சொல்கிறது. பத்துமலைச் சுண்ணாம்புப் பாறைக்கு ஏறத்தாழ 40 கோடி ஆண்டு வயது என்று நான் நம்புவதும் உரையால்தான். 272 படி ஏறியிருக்கிறேன், பாறையின் வயதை அளந்ததில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாறை விஷயத்தில் சந்தேகம் வந்தால் நானே படித்துத் தேறி சோதித்துக்கொள்ள வழி உண்டு. சமய நூல்களிலோ ஒன்றுக்கொன்று முரண்படும் உரைகள் உண்டு. நம் தாமானில் ஒரே வரிசை வீடுகளில் நான்கு சமயத்தார் குடியிருக்கிறோம். அவரவருக்கு அவரவர் நூல் இறுதி வாக்கு. பௌத்தர் வீட்டில் படைப்புக் கடவுளே இல்லை. 'எங்கள் நூல் சொல்கிறது' என்பது நமக்குப் போதும், பக்கத்து வீட்டாருக்குப் போதாது. தம்பிக்கும் போதாது.

அப்படியானால் காட்சி. 'பார்க்கலையே, அதனால இல்ல' என்பது தம்பியின் பக்கம். நம் தருக்க மரபில் இதற்கும் ஒரு பெயர் இருக்கிறது, அபாவம். மேசையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிகிறது? இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. அந்த 'இருந்தால் தெரிந்திருக்கும்' என்பதுதான் உயிர்நாடி. இருட்டறையில் குடம் தெரியவில்லை என்றால் இல்லை என்று சொல்ல முடியாது. செய்வினை கட்டியைக் கரைக்கும் என்றால் ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, ஆகவே இல்லை. இது சரியான அபாவம். ஆனால் சிவம் என்பது ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டிய பொருளா?

இப்படிக் கேட்கும்போது ஒரு வழுக்குப் பாறையில் கால் வைக்கிறோம். 'அவர் எதற்கும் அப்பாற்பட்டவர்' என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது ரொம்பச் சுலபம். அதற்கு மெய்கண்டாரே இடம் கொடுக்கவில்லை. ஆறாம் சூத்திரத்தின் கருத்தை என் சொல்லில் சொல்கிறேன்: மற்றப் பொருள்களைப் போல நம் அறிவுக்குள் அகப்படுவது என்றால், அது மாறி அழியும் பொருள்களில் ஒன்றாகிவிடும். எவ்வகையிலும் அறியவே முடியாது என்றால், இல்லாத பொருளுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு? சிவம் இந்த இரண்டும் அல்ல. எவ்வளவு நேர்மை பாருங்கள்! எந்த வகையிலும் தட்டுப்படாத கடவுள் இல்லாத கடவுளுக்குச் சமம் என்பதைப் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சைவர் ஒப்புக்கொள்கிறார். ஆகவே எங்கேயாவது, எப்படியாவது தட்டுப்பட்டே ஆக வேண்டும்.

எங்கே? காட்சியிலேயே நான்கு வகை சொல்கிறார் அருணந்தியார். ஐம்பொறிகளால் காண்பது, மனத்தால் காண்பது, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. தன்வேதனை என்பது இன்பம் துன்பம்போல உள்ளுக்குள்ளேயே நேராக உணர்வது. சின்னம்மாவின் 'ஆறு' அதுதான். கடவுளைத் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதாகச் சொல்லும் அனுபவமும் இந்த உட்பக்கத்தைச் சேர்ந்தது. தொலைநோக்கியின் பக்கம் அல்ல.

தம்பி விடவில்லை. "அதெல்லாம் மூளை செய்யற வேலைண்ணே. காவடி தூக்குறவங்களையே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க."

பண்ணியிருக்கிறார்கள்தான். மொரீசியஸ் தமிழர்களின் தைப்பூசத்தில், டிமிட்ரிஸ் சைகலாட்டஸ் என்ற மானுடவியலாளரும் குழுவினரும் செய்த ஆய்வு 2013-இல் வந்தது. கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்த நாளில் கலந்துகொண்டவர்கள் கோயிலுக்கு அதிகமாக நன்கொடை கொடுத்தார்கள். கூட நடந்து வந்தவர்களும் அப்படியே. பிறகு வந்த இன்னோர் ஆய்வில், காவடி எடுத்தவர்கள் தங்கள் மனநலம் முன்னைவிட நன்றாக இருப்பதாக உணர்ந்தது தெரிந்தது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் 'முருகன் இருக்கிறார், நிரூபித்துவிட்டார்கள்' என்று நான் தூக்கிப்பிடிக்க மாட்டேன். தம்பியும் 'மூளை விளக்கிவிட்டது, முருகன் இல்லை' என்று சொல்ல முடியாது. நிலாவைப் பார்க்கும்போது விழித்திரையில் என்ன நடக்கிறது என்று கண் டாக்டர் முழுக்க விளக்குவார். அந்த விளக்கத்தால் நிலா காணாமல் போவதில்லை. கனவில் நிலாவைப் பார்க்கும்போதும் மூளையில் ஏதோ நடக்கிறது. அதனால் அங்கே நிலா வந்துவிடுவதும் இல்லை. மூளையில் நடப்பதைச் சொன்னால் மட்டும் வெளியே என்ன இருக்கிறது என்ற வழக்கு முடிவதில்லை.

"அப்போ ஏமாத்துக்காரனும் 'எனக்கு உள்ளுக்குள்ள தெரியுது'ன்னு சொல்வானே. எப்படிப் பிரிக்கிறது?"

அன்றைக்கு அவன் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். என் பதில் முழுமையானது இல்லை, இருந்தாலும் சொன்னேன். ஒன்று, உள்ளே தெரிந்ததை வைத்து வெளியே உள்ள கட்டியையும் கருப்பையையும் கடன் பாக்கியையும் பற்றிப் பேச ஆரம்பித்தால், அந்த நிமிஷமே அது சோதனைக்கு உரியதாகிவிடுகிறது. நாமகிரித் தாயாரே சொன்னாலும் நிரூபணம் கேட்ட இராமானுஜன் கதைதான். அடுத்தது, சித்தாந்தம் உயிரைப் பிடித்த நோய் என்று சொல்வது ஆணவத்தை. சிவத்தைத் தொட்டேன் என்கிறவனுக்கு அது கொஞ்சமாவது தேய்ந்திருக்க வேண்டும். ஐந்நூறு வெள்ளி வாங்கிக்கொண்டு 'டாக்டரிடம் போனால் நான் பொறுப்பில்லை' என்று ஒரு பெண்ணை மிரட்டியவரிடம் தேய்ந்தது என்ன?

"இது நிரூபணம் இல்லையேண்ணே."

இல்லைதான். உன்னை ஒப்புக்கொள்ள வைக்கிற மாதிரி என்னிடம் ஒன்றும் இல்லை என்றேன். என் அப்பா போன பிறகு ஒரு வருஷம் நான் விடியற்காலையில் தனியாகப் போய் உட்கார்ந்த கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. அது வெறும் ஆறுதலா, அல்லது ஒருவர் இருந்ததாலா என்று நானே பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவர் இருந்ததால்தான் என்ற பக்கம் சாய்கிறேன். அந்தச் சாய்வுக்கு எனக்குள் எடை இருக்கிறது, உனக்கு அதைத் தராசில் போட்டுக் காட்ட முடியாது. இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய நம் சந்திரசேகர் தம்மை நாத்திகர் என்றே சொல்லிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த அறிவியலில் தூசு அளவும் எனக்குத் தெரியாது. இராமானுஜனோ தாயாரை விடவில்லை. அறிவு குறைந்ததால் ஒருவரும் அறிவு கூடியதால் இன்னொருவரும் அந்தந்தப் பக்கம் போனார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் தே தாரிக் பையைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். "அம்மா ஏன் எங்கிட்டகூட சொல்லல?" என்றான். அதற்கும் கடவுளுக்கும் சம்பந்தம் இல்லை. அல்லது அவனுக்கு எல்லாமே அந்த ஒரு கேள்விதானோ என்னவோ. என்னிடம் பதில் இல்லை.

மணி மூன்றுக்குச் சின்னம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். தலையில் துண்டு, நெற்றியில் காலையில் பூசிய விபூதி பாதி அழிந்திருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் பிள்ளையார் கோயிலில் இறங்க வேண்டும் என்றார். தம்பி மறுக்கவில்லை. வாசலுக்கு மிக அருகில், மற்ற கார்களுக்கு இடைஞ்சலாக நிறுத்தி, அவர் இறங்கக் கை கொடுத்தான். நான் சின்னம்மாவோடு உள்ளே போனேன். அவன் வழக்கம்போல காரிலேயே இருந்தான். அடுத்த கீமோ தேதியும் காலை எட்டு மணி ரத்தப் பரிசோதனையும் எழுதிய அட்டையை ஸ்டியரிங் மேல் வைத்து, ஒவ்வொன்றாகத் தன் கைப்பேசியில் அலாரம் வைத்துக்கொண்டிருந்தான்.